அவசர உதவி: அகராதியில இருக்கிற சொல்லையே இல்லைங்குது

மண்டி_மாணவன்:
ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், தமிழ்ப் பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்கிற மெஷின். வெள்ளிக்கிழமை ரிவ்யூ. 600 வாக்கியம் எழுதி, ஆட்களைப் படிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணியாச்சு. ட்ரெயினிங் ஓட விட்டா ஆரம்பத்துலயே வார்னிங் கொட்டுது. இந்தச் சொல் டிரான்ஸ்கிரிப்ட்ல (பதிவுல பேசினதை எழுதி வச்ச ஃபைல்) இருக்கு, டிக்‌ஷனரில இல்லை, கேஸ் மேட்ச் ஆகுதான்னு கேக்குது. அகராதியைத் திறந்து பார்த்தா சொல் உச்சரிப்போட அங்கயேதான் உட்கார்ந்திருக்கு. தமிழுக்கு ஏதுங்க பெரிய எழுத்து சின்ன எழுத்து?

மைக்செட்_மணி:
எந்த மைக்? ஃபோன்ல எடுத்திருந்தா 44.1 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கும். 16க்கு இறக்கி, மோனோ, 16 பிட் வேவ் ஆக்குங்க. பேச்சுக்கு முன்னயும் பின்னயும் கொஞ்சம் அமைதி இருக்கா? பட்டனை அமுக்கின கையோட பேச ஆரம்பிச்சா முதல் எழுத்து வெட்டுப்பட்டுரும். நான் பார்த்ததுல பாதிப் பிரச்சினை இதுதான்.

சொல்தச்சன்:
எந்த டூல்னு சொல்லல. எத்தனை பேர் படிச்சாங்கன்னு சொல்லல. அகராதி யார் செஞ்சதுன்னு சொல்லல. ஜாதகமே தராம பொருத்தம் பார்க்கச் சொன்னா எப்படி தம்பி? இதுக்கு நான் எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிக்கிற பழக்கம் வரணும்.

மண்டி_மாணவன்:
ஸாரி சார். ஸ்பிங்க்ஸ்ட்ரெயின், ஸ்பிங்க்ஸ்ங்கிற பேச்சறியும் மென்பொருளுக்கு மாடல் பழக்குற டூல். கிளாஸ் பசங்க 12 பேர், ஆளுக்கு 50 வரி. காய்கறி மண்டில விலை கேக்கிற ஆப். “கொத்தவரங்காய் கிலோ எவ்வளவு”, “கோஸ் மூட்டை 2,500 ரூபாய்” இந்த மாதிரி. 16 மோனோதான் மணி அண்ணா.

ஒலியன்_ராணி:
எழுத்துக்கு ஒரு ஒலின்னு அகராதி செஞ்சிருப்பீங்க, அதான். தக்காளில வர்ற க வேற, வெங்காயத்துல வர்ற க வேற, மிளகாய்ல வர்றது இன்னும் மெலிசு. மூணுக்கும் ஒரே ஒலி போட்டா மாடல் குழம்பும். முதல்ல அதைப் பிரிங்க.

சொல்தச்சன்:
ராணி சொல்றது சரி, ஆனா அதுக்கு இந்த வார்னிங் வராது. பெரிய கோளாறு ஆள் கணக்குதான். ஸ்பிங்க்ஸ் வழிகாட்டியிலயே போட்டிருக்கான்: கட்டளைச் சொல்லுக்கு ஒரே ஆள்னா 1 மணி நேரப் பதிவு, பல பேருக்குன்னா 200 பேர், 5 மணி நேரம். 12 பேரை வச்சுக்கிட்டு மண்டியே பேசும்னா?

வைகைக்கரை:
இன்னொண்ணு. எங்க பக்கம் வாழைக்காய் “வாளக்கா”தான். அகராதில ரெண்டு உச்சரிப்பும் போட்டுருங்க.

சொல்தச்சன்:
தப்பா பேசுறதையெல்லாம் அகராதில ஏத்தினா ழகரம் எதுக்கு இருக்கு?

வைகைக்கரை:
மெஷின் மண்டிக்காரர் பேசுறதைக் கேக்கணுமா, அவருக்குத் தமிழ்ப் பரீட்சை வைக்கணுமா?

ஒலியன்_ராணி:
வைகை சொல்றதுல நியாயம் இருக்கு. வாக்கியங்களே எழுத்துத் தமிழ்லதான் இருக்கு. மண்டில யார் “எவ்வளவு”ங்கிறா, “எவ்ளோ”தானே? எழுதினதைக் கையில கொடுத்தா பசங்க செய்தி வாசிக்கிற மாதிரிதான் வாசிப்பாங்க.

சொல்தச்சன்:
அப்ப ஊருக்கு ஒரு அகராதி போடுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்.

பழைய_எழுத்துரு:
வார்னிங்ல வர்ற சொல்லை ஒரு பத்து ஒட்டுங்க தம்பி.

மண்டி_மாணவன்:
கொத்தவரங்காய், கோஸ், கொத்தமல்லி, மொத்தம், போடு, சோளம், கொய்யா, தோட்டம், சௌசௌ, 2,500. தக்காளி, வெங்காயம் எதுவும் வரல.

பழைய_எழுத்துரு:
கடைசி ரெண்டைத் தள்ளிட்டுப் பாருங்க, எல்லாத்துலயும் கொம்பும் காலும். அகராதி பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்தினதா? யூனிகோட்ல “கொ”வை எழுதும்போது க-வுக்கு அப்புறம் ஒரே குறியீடு வரலாம். கொம்புக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணுன்னு ரெண்டாவும் வரலாம். திரையில துளி வித்தியாசம் தெரியாது. ஆனா மெஷினுக்கு அது வேற சொல், இது வேற சொல். பைத்தான்ல யூனிகோட்டேட்டான்னு ஒரு மாட்யூல் இருக்கு, அதுல இந்த ரெண்டு விதத்தையும் ஒண்ணாக்கிற என்எஃப்சி போட்டு ரெண்டு ஃபைலையும் ஓட்டுங்க. டிரான்ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டி நிறுத்திடாதீங்க.

சௌசௌ அப்பவும் அடங்காதுன்னு நினைக்கிறேன். ஒற்றைக்கொம்பு போட்டு பக்கத்துல ள எழுத்தையே யாரோ தட்டியிருப்பாங்க. அதை என்எஃப்சி தொடாது, கையாலதான் திருத்தணும்.

2,500ஐ எழுத்துல எழுதுங்க. ஒவ்வொரு பதிவையும் கேட்டுட்டு எழுதுங்க. ஒருத்தன் “இரண்டாயிரத்து ஐந்நூறு”ன்னு படிச்சிருப்பான், இன்னொருத்தன் “ரெண்டாயிரத்தி ஐநூறு”ன்னிருப்பான். என்ன சொன்னானோ அதுதான் டிரான்ஸ்கிரிப்ட். அடுத்த தடவை படிக்கக் கொடுக்கிற தாள்லயே எண் போடாதீங்க.

மைக்செட்_மணி:
அப்படியே ஒரு தடவை அமைதியையும் பார்த்துருங்க.

மண்டி_மாணவன்:
ஆமாண்ணா, சீனியர் கொடுத்த லிஸ்ட், பழைய ஃபாண்ட்ல இருந்து கன்வெர்ட் பண்ணினது. 143 வார்னிங் இருந்துச்சு, இப்ப சௌசௌ மட்டும்தான் நிக்குது, நீங்க சொன்ன அதே ள. எண் எல்லாம் கேட்டு எழுதிட்டேன், 31 வரி. ட்ரெயினிங் ஓடுது. ரொம்ப நன்றி.

சொல்தச்சன்:
அகராதி யார் செஞ்சதுன்னு நான் முதல்லயே கேட்டேன்.

வைகைக்கரை:
தம்பி, வாழைக்காய்க்கு ரெண்டும் போட்டீங்களா?

வைகைக்கரை:
தம்பி?