மறு: கலைச்சொல் – சைனஸ் சளி வந்து சேரும் இடத்துக்கு என்ன பெயர்?

> மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளான சைனஸ்களில் மேல்தாடை, நெற்றி, முன்சல்லடை (கண்களுக்கு நடுவே உள்ளவை) அறைகளின் சளி மூக்குக்குள் வந்து சேரும் இடத்தை ‘வடிகால்’ என்றே எழுதிவிடலாமே டாக்டர்? எங்கள் கிருஷ்ணகிரியில் யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். வடிகாலில் தண்ணீர் தானாகப் பள்ளம் பார்த்து ஓடும். மேல்தாடைச் சைனஸின் வாயோ, மூக்கை ஒட்டிய சுவரில் உச்சிக்குப் பக்கத்தில், சில மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. ஏரிக்குச் சொன்னால் இது அடியில் திறக்கும் மதகு இல்லை, நிரம்பினால் மேலே வழியும் கோடி. அதிலும் சளி நிரம்பி வழிவதில்லை. உள்சவ்வின் நுண்மயிர்கள்தான் அதை மேலே தள்ளுகின்றன.

பூஞ்சைக்கும் இங்கேதான் சங்கதி இருக்கிறது. பூஞ்சை வித்து எல்லோர் மூச்சிலும் போகிறது, சளியோடு வெளியேறியும் விடுகிறது. மூக்குத் தண்டு (மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர்) வளைவோ, சதை வளர்ச்சியோ, மூக்கின் பக்கச்சுவரில் உள்ள நடுச்சுருள் எலும்புக்குள் காற்றறையோ இந்த இடத்தை நெருக்கினால் சளி தேங்கும், காற்று குறையும், வித்து தங்கிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை உருண்டையாகத் திரள்வது பெரும்பாலும் ஒரே பக்கத்து மேல்தாடை அறையில்தான். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை ஒட்டியே இருப்பதால், வேர் சிகிச்சையில் அடைக்கும் பசை உள்ளே கசிந்தாலும் பூஞ்சைக்கு வசதி. அதற்காகத் தண்டு வளைந்தவருக்கெல்லாம் பூஞ்சை வரும் என்று எழுதிவிடாதீர்கள். வளைவு ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும்.

கரும்பூஞ்சையை (மியூகார்மைகோசிஸ்) இந்தக் கலைச்சொல் பதிவில் சேர்க்கவே கூடாது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியதிலிருந்து (கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்), சைனஸில் பூஞ்சை என்றாலே தருமபுரியில் நோயாளிகள் கண் போய்விடுமா என்று கேட்கிறார்கள். அது ரத்தக்குழாயைத் துளைத்துப் பரவுவது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான் அதற்கு வழிவிடுகின்றன, மூக்கின் அமைப்பு இல்லை.

அந்த இடத்துக்கு என் பரிந்துரை: கூடுவாய், அதாவது சளி வந்து கூடும் வாய்.

> கூடு என்றதும் எலும்புக்கூடு ஞாபகம் வருகிறதே. கூட்டுவாய்?

சரி, கூட்டுவாய் நன்றாகவே இருக்கிறது. தனி அறையின் திறப்பு ‘அறைவாய்’ ஆகட்டும். பூஞ்சை உருண்டைக்குப் ‘பூஞ்சைக் கட்டி’ என்ற பெயர் மட்டும் வேண்டாம், புற்றுநோய் என்று பயந்துவிடுவார்கள். ‘பூஞ்சைத் திரளை’ போடுங்கள். விளக்கத்தில், எண்டோஸ்கோப்பி மூலம் திரளையை எடுத்து அறைவாயை அகலமாக்குவதே வைத்தியம், பூஞ்சைக்கு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது என்று ஒரு வரி சேருங்கள்.