விமானப் பணிப்பெண்களின் சீருடை: இன்னும் மனசில் உறுத்தும் ஒரு அனுபவம் சொல்லுங்க

பழையபெட்டி:
பிரானிஃப் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பணிப்பெண்கள் போட்ட அந்தப் பிளாஸ்டிக் குமிழித் தொப்பி எல்லாருக்கும் தெரியும்தானே? 1965, இத்தாலிய உடை வடிவமைப்பாளர் எமிலியோ பூச்சி செய்தது. ஒரு கண்காட்சியில் அதை நேரில் பார்த்து வாய் பிளந்து நின்றேன். பக்கத்தில் ஒரு வயதான அம்மா, அறுபதுகளில் வேறொரு விமானத்தில் வேலை பார்த்தவராம். அவர் தொப்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. பொம்மையின் இடுப்பையே பார்த்துக்கொண்டு, "எடை கொஞ்சம் ஏறினாலும் வேலைக்கு ஆபத்து. கல்யாணம் ஆனா வேலையே போச்சு" என்றார். நான் அதுவரை 'ஆஹா, என்ன கலர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிவப்புக்கெபாயா:
எடை விதி நிர்வாகம் போட்டது, பூச்சி போட்டதில்லையே! தொப்பியும் மழையில் முடி கலையாமல் இருக்கத்தான் வந்தது. எளிதில் விரிசல் விட்டது, விமானத்துக்குள் வைக்க இடமும் இல்லை, சீக்கிரமே விட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாரோங் கெபாயாவைப் பாருங்க, மலாய் பாணியில் இறுக்கமான மேல்சட்டையும் நீளப் பாவாடையும். 1968இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியர் பால்மான் வடிவமைத்தது, இன்னும் ஓடுகிறது. நீலம், பச்சை, சிவப்பு, ஊதா என்று நிறமே பதவியைச் சொல்லிவிடும். ஒருமுறை என் பின் வரிசையில் ஒரு குழந்தைக்குத் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. தலைமைப் பணிப்பெண்ணின் சிவப்பு உடை எங்கே என்று தேடித்தான் கத்தினேன். அந்த அம்மா அத்தனை இறுக்கமான உடையிலும் சட்டென்று மண்டியிட்டு, குழந்தையைக் கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

முன்னாள்கேபின்:
நீங்கள் இரண்டு பேரும் பார்த்தவர்கள், நான் போட்டவள். எங்கள் நிறுவனம் புதுச் சீருடை கொடுத்த மாதமே கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டை நீட்டினேன். பயணி என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வேற யாரையாவது வரச் சொல்லுங்க" என்றார். தொற்றுநோய் என்று நினைத்திருப்பார். 2011இல் அலாஸ்கா ஏர்லைன்ஸில் புதுச் சீருடை வந்த பிறகு அரிப்பும் தடிப்பும் கூடியதை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்வரை எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நூலும்ஊசியும்:
பாலியெஸ்டர் சீருடை போட்ட ஒரு பணிப்பெண்ணின் கை பட்டு எனக்கு ஷாக் அடித்தது, அவ்வளவுதான் என் கதை. மேடம், புதுத் துணியை மூன்று முறை துவைத்துவிட்டுப் போடுங்க. உள்ளே கழுத்துவரை பருத்தி பனியன் அவசியம். பாலியெஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் முடிந்தால் கம்பளிக் கலவை கேளுங்க. சுருக்கம் விழாத துணி, கறை பிடிக்காத துணி என்று சொன்னால் பெரும்பாலும் மேலே ரசாயனப் பூச்சு இருக்கும். சாயம் போகிறதா என்று ஈரவெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்க. தடிப்பை தேதியோடு போட்டோ எடுத்து வையுங்க. எது ஒவ்வாது என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனையைத் தோல் டாக்டரிடம் செய்யச் சொல்லுங்க. அப்புறம் ஸ்கார்ஃப்...

முன்னாள்கேபின்:
ஐயா, நான் வேலையை விட்டு வருஷங்கள் ஆச்சு. பெயரையாவது படித்திருக்கலாம்.

பழையபெட்டி:
@சிவப்புக்கெபாயா, எடை விதி நிர்வாகம் போட்டதுதான், சரி. அந்த இடுப்பளவுக்குத் தைத்தது யாராம்?