புதுப்பிப்பு: ஓரம் கடித்த ஐந்து ரூபாய்க் காசு

மளிகைக் கடையில் சில்லறையாக வந்த 2012 ஐந்து ரூபாய், ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை என்று முன்பு படம் போட்டிருந்தேன். "அரத்தால் ராவியது" என்று பாதிப் பேர், "லட்சம் தேறும்" என்று மீதிப் பேர். காசுகள் சேகரிக்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டேன். யாரும் ராவியதல்ல, நாணயச் சாலையிலேயே நேர்ந்த அசல் பிழைதான்.

தராசில் 5.6 கிராம் காட்டியது, இருக்க வேண்டியது 6. எடை குறைந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ராவினாலும் குறையும்தானே. லென்ஸை வைத்து அவர் முதலில் பார்த்தது வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே விளிம்பு மேடு மங்கிக் கிடக்கிறது. அச்சடிக்கும் முன் வில்லையை, அதாவது இன்னும் எழுத்து விழாத வெறும் வட்டத்தை, உருட்டி விளிம்பை எழுப்புவார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது. பிளேக்ஸ்லி விளைவு என்கிறார்கள். பிறகு ராவிய காசில் இது இருக்காது. வெட்டை ஒட்டிய எழுத்துகளும் பட்டென்று அறுபடாமல், இழுபட்டுத் தேய்ந்து முடிகின்றன.

காரணம் எளிது: வில்லைகளை நீளத் தகட்டிலிருந்து குத்தி எடுப்பார்கள்; தகடு முழுதாக நகர்வதற்குள் அடுத்த குத்து, ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேலேயே விழுந்திருக்கிறது.

விலை? சில நூறு கிடைக்கலாம் என்றார். லட்சம் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டு என்று உள்பெட்டிக்கு வந்த ஆசாமிகளைத் தடுத்துவிட்டேன். இப்படி ரிசர்வ் வங்கி பெயரிலேயே ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது. காசை விற்கப்போவதில்லை.