மாத்திரையை நிறுத்திய அப்பாவுக்கு மீண்டும் 164/98

குலசேகரத்திலிருந்து ஒரு மகள் கேட்கிறார்:
அப்பாவுக்கு வயது 58. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். ஓராண்டாக அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்ததில் அழுத்தம் 128/80 என்ற அளவில் நின்றது. மாலையில் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் வெகுநேரம் மறையாமல் இருந்ததாலும், ‘அளவுதான் சரியாகிவிட்டதே’ என்ற எண்ணத்தாலும், எங்களிடம் சொல்லாமலே இரண்டு மாதங்களுக்கு முன் மாத்திரையை நிறுத்திவிட்டார். சென்ற வாரம் பார்த்தபோது 164/98. தலைவலியோ கிறுகிறுப்போ இல்லாதபோது மாத்திரை எதற்கு என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

தக்கலை, ஓய்வுபெற்ற செவிலியர்:
128/80 என்பது நோய் போய்விட்டதன் அடையாளம் அன்று, மாத்திரை வேலை செய்ததன் அடையாளம் என்பதை முதலில் சொல்லுங்கள். உயர் அழுத்தம் இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்வதும், இதயத்தின் இடக் கீழறையைப் பருக்க வைப்பதும், மூளையின் நுண்குழாய்களை நலிவுறச் செய்வதும் எல்லாம் வலி எதுவும் தராமலே நடக்கும். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினுக்கு நன்கு தெரிந்த பக்கவிளைவுதான்; மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்.

ஒரு சந்தேகம். மலைச்சரிவில் வெட்டு முடித்து வந்த உடனேயே பார்த்த அளவா அது? தேநீரும் பீடியும் இல்லாமல் அரைமணி நேரம் கழித்து, சாய்ந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சுயரத்தில் தாங்கி வைத்து, இரண்டு முறை பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்கும்போது 135/85க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் அழுத்தமே. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். அவையும் அழுத்தத்தை ஏற்றும். மருந்துக்கு அலைய வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

குளச்சல் வாசகர்:
எங்கள் அம்மாவுக்காகக் குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, பழங்கஞ்சிக்குச் சுட்ட கருவாட்டையும் மாங்காய் ஊறுகாயையும் பப்படத்தையும் அப்படியே விட்டுவைத்தோம். நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குக் குறைவு என்ற கணக்கில் இவையும் சேரும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் காலையில் தேநீர்க் குவளை அவர் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. பித்தம் என்று எண்ணி மதியம் வரை படுக்க வைத்துவிட்டோம். அது பக்கவாதம் என்பதும், மூளைக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதும், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மார்த்தாண்டம் வாசகர்:
முருங்கைக் கீரையும் பூண்டும் போதும் என்று என் மாமா சொல்வார். சோடியம் குறைந்த உப்பும் கடையில் கிடைக்கிறதே?

தக்கலை, ஓய்வுபெற்ற செவிலியர்:
கீரையைத் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்குப் பதிலாக அன்று. அந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குலசேகரம் மகள்:
நீங்கள் கேட்டதால் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். பாதி தீர்ந்த வலி மாத்திரை அட்டை இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு நாளை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். வீக்கத்துக்கு வேறு மருந்து உண்டு என்றதும் வருவதற்கு ஒத்துக்கொண்டார். கருவாட்டைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.