பூனை வளர்க்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி:
பூனைக்குட்டி வளர்க்க ரொம்ப நாளாக ஆசை. பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். தங்கைக்குத் தூசி பட்டாலே தும்மல் வரும், அதுதான் யோசனை. வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
முதலில் தங்கையைப் பூனை இருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை கூட்டிப்போய்க் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். ஒவ்வாமைக்குக் காரணம் முடி இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம், அது தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியில் ஒட்டி வீடு முழுக்கப் பரவும், அதனால் முடி குறைவான இனமாக வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பதில் 2:
பகலில் ஆள் இல்லையென்றால் குட்டியை விட வளர்ந்த பூனைதான் நல்லது. குட்டிக்கு அடிக்கடி சாப்பாடு வேண்டும், தனியாக விட்டால் எதையாவது கடித்து விழுங்கிவைக்கும். குட்டிதான் வேண்டுமா, சரி, 8 வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். அப்புறம் தடுப்பூசி, கருத்தடை, மாடி வீடு என்றால் ஜன்னலுக்கு வலை. 15 வருடத்துக்கு மேலும் வாழும், அதுவரை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

பதில் 3:
வீட்டில் லில்லிப் பூ வைக்கவே கூடாது! அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும். பாரசிட்டமால் மாத்திரையும் விஷம்தான், காய்ச்சல் என்று நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.