எம்.ஃபில். பண்ணினவங்க சொல்லுங்க: இன்னும் உறுத்துற ஒரு சம்பவம்

கடைசிபெஞ்ச்:
தமிழ், 2013-14 பேட்ச். தலைப்பு தாலாட்டு. அஞ்சு இயல், நூத்திச் சொச்சம் பக்கம். கோர்ஸ் ஒர்க், பைண்டிங், கையெழுத்துக்கு அலைஞ்சது எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க. வைவா, அதான் வாய்மொழித் தேர்வு, அதை மட்டும் சொல்றேன்.

புறத்தேர்வாளர் ஐயா ரிட்டயர்டு ஆகுற வயசு. முன்னுரையைக்கூட தொடல. நேரா மூணாம் இயலுக்குப் போய் ஒரு அடிக்குறிப்பு மேல விரலை வச்சார். "இந்த நூல், பக்கம் 214. பாத்தீங்களா தம்பி?" அது ஒரு சீனியர் ஆய்வேட்டுல இருந்து அப்படியே இறக்கினது. புத்தகத்தோட அட்டை என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாது. "பாத்தேன் ஐயா"ன்னேன். பக்கத்துல நெறியாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைக்க ஆரம்பிச்சார். ஐயா என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சரி. நீங்க மூணாவது ஆள்"னு சொல்லி கையெழுத்துப் போட்டுட்டார். மத்த கேள்வியெல்லாம் சும்மா ஒப்புக்கு.

மூணாவது ஆள்னா என்ன? பாத்தவங்கள்ல மூணாவதா? பத்து வருஷமா யோசிக்கிறேன்.

மழைக்காகிதம்:
என் தலைப்பு ஒப்பாரி. நீங்க பாக்காததைப் பாத்தேன்னீங்க. எனக்குக் கேட்டதே கையில இல்லாம போச்சு.

ஒரு அம்மாச்சி. வீட்டுக்குள்ள ஒப்பாரி பாட மாட்டேன்னுட்டாங்க. எழவு விழாத வீட்டுல அதைப் பாடக்கூடாதுல்ல, அது தெரியாம போய் நின்னேன். மூணு நாள் போனப்புறம் அவங்களே கம்மாக்கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. புடவைத் தலைப்பை முக்காடாப் போட்டுக்கிட்டு, தண்ணியைப் பாத்து உக்காந்து, செத்துப்போன தம்பிக்குப் பாடினாங்க. ஒரு இடத்துல பாட்டை நிறுத்திட்டு, "அவனுக்கு மீசை சரியா மொளைக்கல"ன்னு பேச்சாவே சொல்லிட்டு மறுபடி பாட்டுக்குப் போனாங்க. அந்த வரி பாட்டுல சேருமா சேராதான்னு நான் மண்டைக்குள்ள இயல் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ல வந்து ரெக்கார்டரைப் பாத்தா பதிவாகாம pause-லயே கிடக்கு. மறுவாரம் போய்க் கேட்டேன். "செத்தவனை ரெண்டு தடவை கூப்பிடக்கூடாது தாயி"ன்னுட்டாங்க.

பின்னிணைப்புல 42 பாட்டு இருக்கு. அது இல்ல.

வாத்தியார்2009:
கடைசிபெஞ்ச் தம்பி, இதுல பத்து வருஷம் யோசிக்க என்ன இருக்கு? துணைநூற்பட்டியல்ல இருக்குற அத்தனை நூலையும் யாருய்யா படிச்சான்? நானும் நாட்டார் பாட்டுதான், நானும் ரெண்டு மூணு எடுத்தாண்டிருக்கேன். தேர்வாளர் ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பார்.

உறுத்தணும்னா என் கதை உறுத்தணும். எம்.ஃபில். முடிச்சா நெட் தகுதித் தேர்வு வேண்டாம், இளங்கலைக்குப் பாடம் எடுக்கலாம்னு 2006-ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னதை நம்பித்தான் 2008-ல சேர்ந்தேன். 2009 ஜூலைல புது விதி வந்து அந்தச் சலுகை போச்சு. டிடிபி கடையில புரூஃப் பாத்துக்கிட்டு இருக்கேன், கூடப் படிச்சவன் பேப்பரை மடிச்சு எடுத்துட்டு வந்து கீபோர்டு மேல வச்சான். அவ்வளவுதான். டைப் பண்ற அக்கா மட்டும், "மிச்சத்தை அடிக்கவா வேண்டாமா?"ன்னு கேட்டாங்க.

மழைக்காகிதம் அம்மாவுக்கு: களப்பணின்னா எப்பவும் ரெண்டு கருவி வேணும். ஒண்ணு ரெக்கார்டர், ஒண்ணு போன். ஆரம்பிக்கும்போது தேதி, ஊர், தகவலாளி பேரு, வயசு எல்லாம் நம்ம குரல்லயே சொல்லி, பத்து நொடி திருப்பிப் போட்டுக் கேட்டுட்டுத்தான் பாடச் சொல்லணும். பேட்டரி மாத்துக்கு ஒரு ஜோடி. அன்னிக்கு ராத்திரியே எழுத்துல பெயர்க்கணும், மறுநாள்னு வச்சா பாதி போயிடும். நூல்களுக்கும் இதே கதைதான்: கையில எடுத்தவுடனே தலைப்புப் பக்கத்தையும் அதுக்குப் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கணும், பதிப்பு, ஆண்டு எல்லாம் அங்கதான் இருக்கும். மேற்கோள் எடுக்குற பக்கத்தைத் தனியா ஒண்ணு. ஆய்வேட்டை மூணு இடத்துல சேமிக்கணும். நெறியாளரைச் சந்திச்சா அவர் சொன்னதை அன்னிக்கே எழுதி அவருக்கே அனுப்பிடணும், அப்பதான் அடுத்த மாசம் "நான் அப்படிச் சொல்லலையே"ன்னு வராது. இதெல்லாம் எங்க காலத்துல சொல்லித்தர ஆளில்ல.

மழைக்காகிதம்:
ஐயா, பேட்டரி நல்லாத்தான் இருந்தது. இரண்டாவது கருவி இருந்திருந்தா பாட்டு கிடைச்சிருக்கும், ஒத்துக்கிறேன். நான் சொன்னது அதைப் பத்தி இல்ல.

சிவப்புக்கோடு:
நான் கல்வியியல், கிட்டத்தட்ட கடைசி பேட்ச். கருத்துத் திருட்டுச் சோதனைதான் என் பேய்.

2018 யுஜிசி விதிப்படி மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10% வரைக்கும்னா பிரச்சினை இல்ல, 10-லருந்து 40 வரைன்னா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் கொடுக்கணும், 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. எனக்கு 31. நாலு நாள் தூங்கல. ஒரு வரிகூட எடுக்கல, சத்தியமா. அறிக்கையைத் திறந்தா முதல் பக்கமே செக்கச்செவேல்னு இருக்கு. எது தெரியுமா? "இவ்வாய்வேடு என் சொந்த முயற்சியில் உருவானது, வேறு எந்தப் பட்டத்திற்கும் அளிக்கப்படவில்லை" அப்படிங்கிற உறுதிமொழி! வார்த்தைக்கு வார்த்தை எல்லா ஆய்வேட்டுலயும் அதேதானே இருக்கு. நன்றியுரை சிவப்பு, துணைநூற்பட்டியல் சிவப்பு. அந்த விதியிலயே நன்றியுரை, நூற்பட்டியலைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடணும்னு இருக்கு. நூலகத்துல அந்த டப்பாவை டிக் பண்ணாம ஓட்டிட்டாங்க. மறுபடி ஓட்டினா 6.

இதுல கொடுமை, என் பக்கத்து சீட்டுக்காரன் ரெண்டு இயலை முழுசா வேற எங்கிருந்தோ எடுத்தவன். அவன் யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவுல அடிச்சிருந்தான். மெஷினுக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை மாதிரிதானே தெரியும். அவனுக்கு 0. ஸ்வீட் வாங்கிக் குடுத்தான்.

புதுவரவு:
குறுக்க கேக்குறதுக்கு மன்னிக்கணும். இப்ப எம்.ஃபில். சேரலாமா? ஒரு இடத்துல சேர்க்கை இருக்குன்னு சொல்றாங்க.

வாத்தியார்2009:
சேராதீங்க. பணம் கட்டாதீங்க. 2022 நவம்பர்ல வந்த பிஎச்.டி. விதிமுறையிலயே இனி எம்.ஃபில். நடத்தக்கூடாதுன்னு போட்டாச்சு. அப்புறமும் சில இடத்துல விண்ணப்பம் வாங்குறாங்கன்னு 2023 டிசம்பர்ல யுஜிசி தனியா எச்சரிக்கை விட்டுச்சு. மருத்துவ உளவியல், மனநல சமூகப்பணி ரெண்டுக்கு மட்டும் 2025-26 வரை அவகாசம் குடுத்தாங்க. அந்த விதி வர்றதுக்கு முன்னாடி சேர்ந்தவங்க பட்டம் செல்லும், அதுல குழப்பம் வேண்டாம். ஆராய்ச்சிதான் ஆசைன்னா நெட் எழுதிட்டு நேரா பிஎச்.டி.க்குப் போங்க.

சிவப்புக்கோடு, உங்க பக்கத்து சீட்டுக்காரர் மேல பல்கலைக்குப் புகார் குடுத்திருக்கணும். நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல.

சிவப்புக்கோடு:
"நானும் ரெண்டு மூணு எடுத்தாண்டிருக்கேன்"னு மேல எழுதினது யாரு ஐயா?

வாத்தியார்2009:
அது வேற. அது அடிக்குறிப்பு. அடிக்குறிப்புல தப்பா ஒண்ணு வந்தா யார் குடி முழுகிடும்? தம்பிக்குச் சந்தேகம்னா நூலகத்துல போய் அந்த 214-ஆம் பக்கத்தைப் பாத்துட்டு வரட்டும், முடிஞ்சது.

கடைசிபெஞ்ச்:
போயிட்டு வந்தேன் ஐயா, நேத்து.

புத்தகம் இருந்துச்சு. அட்டை பச்சை. நூலகச் சீட்டுல கடைசி முத்திரை என் வைவாவுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி. 160-ஐப் புரட்டினேன், 170-ஐப் புரட்டினேன், அப்புறம் பின்னட்டை கைக்கு வந்துடுச்சு. 176 பக்கம்தான் மொத்தமே. ஏடு ஏதாவது கழண்டிருக்கான்னு தையலைக்கூட பாத்தேன். கடைசிப் பக்கத்துல அச்சகத்தோட பேரு இருக்கு, முழுசாத்தான் இருக்கு. நான் எடுத்த அந்த மேற்கோளும் உள்ள எங்கயும் இல்ல. முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் பாத்துட்டேன், சாயங்காலம் வரைக்கும் ஆச்சு.

உள்பக்கத்துல முன்னுரை எழுதினவர் பேரைப் பாத்தேன். என் புறத்தேர்வாளர்.

மழைக்காகிதம்:
அய்யோ.

சிவப்புக்கோடு:
அவர் உங்களை நிறுத்தியிருக்கலாமே. ஏன் கையெழுத்துப் போட்டார்?

கடைசிபெஞ்ச்:
தெரியல. என் சீனியரோட ஆய்வேட்டைத் தேடிப் பாத்தேன். அதே வரி, அதே 214. அவர் யாரைப் பாத்து எழுதினாரோ. அவர் ரெண்டாவதுன்னா எங்கயோ ஒரு முதல் ஆள் இருக்கணும், 2010-க்கு முன்னாடி.

வாத்தியார்2009:
நூல் பேர் என்ன தம்பி? என் ஆய்வேடு பரண்ல கிடக்கு. இறக்கிப் பாக்கணும்.