வண்ணப் பலகையில் லேசர் வரையும் முகங்கள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மதுரை உறுப்பினர்:

மாடியறையில் 10 வாட் டையோடு லேசர் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு, வண்ணம் பூசிய பலகைகளில் நிழற்படங்களைப் பொறித்துப் பரிசுப்பொருள்களாகச் செய்து தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் பரிசு நன்றாக அமையுமா என்பது, படத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் பலகைக்கு வண்ணம் பூசும்போதுமே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

பூசாத மரத்தில் லேசரின் வேகத்தையும் திறனையும் மாற்றி வெளிர்பழுப்பு முதல் கருமை வரை பல சாயல்களைப் பெறலாம். எனினும் பைன் போன்ற மரங்களில் வரிகளுக்கு வரி கடினம் மாறுவதால், கன்னத்தின் குறுக்கே ஒரு வரி கருத்தும் அடுத்த வரி வெளுத்தும் போய்விடும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் வண்ணம் பூசுகிறோம். நான் செய்யும் முறையில் அடியில் வெள்ளை அக்ரிலிக்கும் மேலே மங்கலான கறுப்பு அக்ரிலிக்கும் பூசப்படுகின்றன. லேசரிலிருந்து வரும், ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைக் கறுப்பு உறிஞ்சி ஆவியாகப் போக, அடியிலுள்ள வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பித் தன்னைக் காத்துக்கொள்கிறது. எரிகிற இடம் வெளுக்கிறது என்பதால், படத்தை முதலில் நெகட்டிவாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பூச்சு ஓரிடத்தில் இருக்கும், அல்லது இராது. பாதி இருப்பது என்பது நம்பத்தக்க நிலை அன்று. ஆகவே முகத்திலுள்ள இடைச்சாயல்களை எல்லாம் புள்ளிகளின் நெருக்கத்தால்தான் காட்ட முடியும். செய்தித்தாளில் அச்சாகும் படங்களும் இவ்வாறு புள்ளிகளால் ஆனவையே. மென்பொருளில் இதற்கு டிதரிங் என்று பெயர். 1976-இல் வெளியான ஃபிளாய்டு-ஸ்டைன்பர்க் முறை ஒரு புள்ளியில் நேர்ந்த பிழையை, அதாவது வேண்டிய சாயலுக்கும் அங்கே விழுந்த கறுப்பு அல்லது வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை, சுற்றியுள்ள 4 புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஜார்விஸ் முறை 12 புள்ளிகளுக்குப் பகிர்கிறது. முகங்களுக்கு எனக்கு ஜார்விஸே பிடித்திருக்கிறது; தாடைக்குக் கீழே நிழல் இதில் மென்மையாக இறங்குகிறது.

கோடுகளுக்கிடையே 0.1 மில்லிமீட்டர் வைத்து, 20 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பலகையைப் பொறித்தால், லேசர் 2,500 கோடுகளாக மொத்தம் 500 மீட்டர் தூரம் நடக்கிறது. நிமிடத்திற்கு 6,000 மில்லிமீட்டர் வேகத்தில் இதற்கு 83 நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் திரும்பும் நேரம் தனி. “பத்து நிமிட வேலைதானே” என்று விலை பேசுபவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இனி, என்னிடம் வந்தவர்களைப் பற்றி. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசு வேண்டும் என்று ஒரு பெண் கேட்டு வந்தார். மாதிரிப் பலகைகளைப் பார்த்து மகிழ்ந்தவர், எல்லாமே கறுப்பாக இருப்பதைக் கவனித்ததும் தயங்கினார். “நல்ல காரியத்துக்குக் கறுப்பு வேண்டாம் அண்ணா, அம்மா கையால்கூடத் தொடமாட்டார்கள்” என்றார். அவர் அடர்நீலத்தைக் கேட்டார்; நான் அரக்குச் சிவப்பைப் பரிந்துரைத்தேன். நீல நிறப் பூச்சு நீல ஒளியை ஓரளவு திருப்பி அனுப்பிவிடும். சிவப்போ அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அரக்குச் சிவப்பின் அடியிலிருந்து சந்தன நிறம் வெளிப்படுமாறு செய்த அந்தப் பலகையைப் பார்த்தபின், திருமண வேலைகள் அனைத்துக்கும் நானே முதலில் அந்த நிறத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

அதே படத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. பொறிப்பதற்கு முன் கருப்பு வெள்ளையாக்கிய படத்தைக் கைபேசியில் அனுப்பி ஒப்புதல் கேட்பது என் வழக்கம். அதைப் பார்த்த அந்தப் பெண்ணின் அம்மா, “என் நெற்றியில் பொட்டு எங்கே?” என்று கேட்டாராம். குங்குமச் சிவப்பும் நம் தோலின் பழுப்பும் கருப்பு வெள்ளையாக மாறும்போது ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களால் (சானல்களால்) ஆனது; அதிலிருந்து பச்சைத் தடத்தை மட்டும் எடுத்தால் சிவப்பு கருமையாகி, பொட்டும் வகிட்டுக் குங்குமமும் தனியே தெரியும். விபூதிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் ஊர் முகங்களைப் பொறிக்கிறவர்கள் மென்பொருளின் தானியங்கி மாற்றத்தை நம்பாமல், இந்தத் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

“நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்கள்” என்ற வேண்டுகோளும் அடிக்கடி வருகிறது. இதை நான் ஏற்பதில்லை. மாநிறத்தை வெளுப்பாக்க முனைந்தால் முகம் முழுவதும் பூச்சு போய், மூக்கின் ஓரமும் கண்ணிமையின் மடிப்பும் கரைந்து, ஆளே மாறிவிடுகிறார். தொழில்நுட்பக் காரணம் இப்படி ஒன்று கிடைத்திருப்பதில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

இன்றைய கைபேசிப் படங்களைவிட, 1960களிலும் 1970களிலும் ஊர் ஸ்டுடியோக்களில் எடுத்த படங்கள் பலகையில் பன்மடங்கு சிறப்பாக வருகின்றன. அங்கே விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழுந்தது. அதனால் முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும். நெகட்டிவில் பென்சிலால் திருத்தம் செய்யும் பழக்கமும் இருந்ததால், தோலின் சிறு கறைகள் ஏற்கெனவே நீங்கியிருக்கும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் நிழலே இராது. அத்தகைய படங்களை வாங்கிக்கொள்ள மறுத்து, வேறு படம் தேடச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். பழைய படத்தை அனுப்புகிறவர்களும் வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பாமல், டாக்குமென்டாக அனுப்பினால் நுணுக்கம் குறையாமல் வந்து சேரும்.

கோவை உறுப்பினர்:

நான் பலகை தயாரித்துக் கொடுப்பவன். லேசர் வேலையை என் தம்பி பார்த்துக்கொள்கிறான். மதுரை நண்பர் சொன்ன அடிவெள்ளை முறையோடு எனக்கு உடன்பாடே. ஆனால் பூச்சைப் பற்றி அவர் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டார்.

தூரிகையால் பூசினால் அதன் தடங்கள் மெல்லிய வரிகளாக நிற்கும். தடிமன் மாறும் இடங்களில் லேசர் ஒருபுறம் கறுப்பை மிச்சம் வைத்தும் மறுபுறம் வெள்ளையைச் சுட்டும் போகும். அதனால் ஸ்பாஞ்சு ரோலரால் மெலிதாக இரண்டு கைகள் (கோட்டுகள்) பூசி, இடையே 320 எண் உப்புத்தாளால் தேய்ப்பது எங்கள் வழக்கம். எனாமல் பெயின்ட் இந்த வேலைக்கு ஆகாது. அது இளகிப் பிசுபிசுத்து, வெளிப்பட்ட வெள்ளையின் மேல் மஞ்சளாகப் படிகிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் தூளாக உதிர்ந்துவிடுவதால், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டாலே போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேலே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது ஓர் இரவு போதாது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையின் வெட்டுமுனைகள் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அங்கே முதலில் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்துவிட வேண்டும்.

எங்களுக்கு மறக்க முடியாத ஒரு சந்திப்பு உண்டு. ஒரு பெரியவர், இடித்த தம் பூர்விக வீட்டின் கதவிலிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயின்ட் பல அடுக்குகளாக ஏறியிருந்த அந்தப் பலகையிலேயே தம் தகப்பனார் முகத்தைப் பொறித்து, தம்பிமார்களுக்கும் தங்கைக்கும் கொடுக்க வேண்டும் என்றார். நாங்கள் அந்தப் பூச்சின் மேல் லேசரை விட முடியாது என்று சொன்னபோது அவருக்கு வருத்தம்தான். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகளில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. எரித்தால் ஈயம் புகையோடு கலந்து மூச்சில் போகும். தேய்த்து எடுத்தாலும் தூளாகப் பறக்கும்.

“அந்த வீட்டு மரத்தில் பெயின்ட் படாத பாகம் ஏதாவது இருக்கிறதா, ஐயா?” என்று என் தம்பி கேட்டான். சற்று யோசித்த அவர், சுவர் அலமாரியின் உள்தட்டுகள் கிடக்கின்றன என்றார். எண்ணெய்கூடக் காணாத தேக்குத் தட்டுகள் அவை. ஆசாரியிடம் கொடுத்து நான்காக அறுத்து, முன்பக்கத்தில் எங்கள் பூச்சை ஏற்றிப் படத்தைப் பொறித்தோம். பின்பக்கத்தில் பழைய மரத்தை அப்படியே விட்டுவிட்டோம். வாங்கிப் பார்த்தவர் முகத்தைப் பார்க்கும் முன் திருப்பித்தான் பார்த்தார்.

பாதுகாப்பைப் பற்றி மேலும் ஒரு சொல். ரெக்சின், பி.வி.சி. ஆகியவற்றைத் தவறியும் லேசரின் கீழ் வைக்காதீர்கள்; குளோரின் கலந்த அரிக்கும் புகை வரும். கண்ணுக்கு அணியும் பாதுகாப்புக் கண்ணாடி, லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வெயில் கண்ணாடி உதவாது.

திருச்சி உறுப்பினர்:

மேலே எழுதியவர்கள் பரிசைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது வீட்டுச் சுவருக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதே என் அனுபவம். மறைந்தவர்களின் படத்தை வாங்கிச் செல்கிறவர்கள் அதற்கு மாலை போடுகிறார்கள், சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள், பக்கத்தில் விளக்கேற்றுகிறார்கள். மங்கலான கறுப்புப் பூச்சில் சந்தனம் படிந்தால் கறை போகாது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் வெளிப்பட்ட வெள்ளைக்குள் புகைக்கரி இறங்கி முகம் அழுக்கேறிவிடும். ஓர் அம்மா ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவியபோது படத்தையும் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, அழுதுகொண்டே எடுத்து வந்தார். அவருக்கு வேறு பலகை செய்து கொடுத்தேன்.

இப்போது பொறித்து முடித்ததும் தூரிகை படாமல், மங்கலான தெளிபூச்சை ஸ்பிரேயாக மெலிதாகப் பலமுறை அடிக்கிறேன். முதல் கையைக் கனமாக அடித்தால் கரி இளகி வழியும். தொட்டும் தொடாமலும் அடிக்க வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே படம் வரவேற்பறைக்கா, பூஜையறைக்கா என்று கேட்டுவிடுகிறேன். பூஜையறைக்கு என்றால் பலகையைத் தொடாதவாறு ஓரத்தில் மரச்சட்டம் வைத்துக் கண்ணாடி போட்டுத் தருகிறேன். பொட்டும் சந்தனமும் கண்ணாடியின் மேல் விழும்; வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துக்கொள்ளலாம். விலை சற்று கூடுகிறது என்றாலும், காரணத்தைச் சொன்னபின் யாரும் வேண்டாம் என்றதில்லை.